போதையை முறிக்கும் மருந்து உண்டா? மரக்காணத்திலிருந்து எழும் ஒரு பழைய கேள்வி

கேள்வி எங்கிருந்து வருகிறது

2023 மே 13-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வாந்தியும் மயக்கமும் கண்மங்கலும் கண்டன. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர்ப் பக்கத்திலும் சாவுகள் விழுந்தன. இரு மாவட்டங்களிலுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். குடித்தது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தடயவியல் ஆய்வுக்குப் பின் காவல்துறை அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

இந்தச் சாவுகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கள்ளச்சாராய வியாபாரி, காவல்துறை, டாஸ்மாக், நிவாரணத் தொகை என்ற நான்கு முனைகளுக்குள்ளேயே நடந்து முடிந்தது. அவை எல்லாம் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. ஆபத்து என்று தெரிந்தும் ஒரு மனிதனின் கை அந்தப் பாக்கெட்டை நோக்கி நீள்வது ஏன்? அந்தக் கையை உள்ளிருந்தே தடுக்க மருந்தால் முடியுமா? மூளையின் எந்த இடத்தில் ஆல்கஹால் போய் உட்காருகிறதோ அந்த இடத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டால் குடி தோற்றுவிடாதா? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வகங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகின்றன. நடுவில் ஒருமுறை, விடை கையில் கிடைத்துவிட்டது என்றே உலகம் நம்பியது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மெத்தனால் கொல்வது மூளையில் இப்படிப்பட்ட இடங்களான ஏற்பிகளின் வழியாக அல்ல. கல்லீரல் நொதி ஒன்று அதை முதலில் பார்மால்டிஹைடாக உடைக்கிறது; அது பிறகு பார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கருக்குகிறது, இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. அதற்கான முறிவு மருந்தான போமிபிசோல் அந்த நொதியை மறித்து நிற்கிறது. அது இல்லாத இடத்தில் சுத்தமான எதில் ஆல்கஹாலைக் கணக்காகக் கொடுத்தும் அதே வேலையைச் செய்விப்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரை பேசப்போகும் எந்த மருந்தும் மே 13 இரவில் எக்கியார்குப்பத்தில் ஓர் உயிரையும் மீட்டிருக்காது. அந்த இரவுக்கு முந்தைய ஆயிரம் மாலைகளைப் பற்றியதுதான் நம் கேள்வி.

சபதம், சட்டம், நோய்

குடியை எப்படி நிறுத்துவது என்பதற்குத் தமிழ்ச் சமூகத்தின் மிகப் பழைய விடை மன உறுதி. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. இன்றும் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள்; ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம், மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்திச் சில நாள் என்று குடியை விட்டு இருப்பவர்களும் இருக்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. விரதம் ஒருவனுக்கு நாள் குறித்துத் தருகிறது, ஊரின் பார்வையைக் காவலாக வைக்கிறது, குடிக்கும் கூட்டத்திலிருந்து அவனைப் பிரித்து இன்னொரு கூட்டத்தில் சேர்க்கிறது. இன்றைய உளவியல் ஆலோசனையும் செய்ய முயல்வது ஏறக்குறைய இதைத்தான். இதன் குறை இரண்டு. மாலையைக் கழற்றிய மறுநாளுக்கு அதனிடம் திட்டம் கிடையாது. அதைவிடக் கடுமையானது: பல ஆண்டுகள் அன்றாடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்து மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வந்து உயிரே போகலாம். மன உறுதி மிகுந்தவனைத்தான் இந்த ஆபத்து முதலில் பிடிக்கிறது.

இரண்டாவது விடை சட்டம். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மீண்டும் விலகியது. 2003-இல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. இந்த வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. இங்கே ஒன்று போதும்: கிடைப்பதைக் குறைத்தால் மொத்தக் குடி குறையும் என்பதற்கு உலகெங்கும் சான்று உண்டு, ஆனால் ஏற்கெனவே அடிமைப்பட்டவனின் தேவையைச் சட்டம் தொடுவதில்லை. குவார்ட்டர் விலை எட்டாதபோது பாக்கெட்டை வாங்குகிறவன் அவன்தான்.

மூன்றாவது விடை, இது நோய் என்பது. அமெரிக்க ஆய்வாளர் ஜெல்லினெக் 1960-இல் எழுதிய நூல் இந்தக் கருத்துக்கு அறிவியல் தோற்றத்தைத் தந்தது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை அதைத் தமிழ்நாட்டின் வாழ்க்கைக்குக் கொண்டுவந்தது. ‘குடிகாரன்’ என்ற வசை இருந்த இடத்தில் ‘குடிநோயாளி’ என்ற சொல் நின்றது சின்ன மாற்றம் அல்ல. ஆனால் நோய் என்று சொன்ன உடனே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: அப்படியானால் எந்த உறுப்பில், எந்த இடத்தில்?

உப்பின் பாதி

1980-கள் வரை இதற்கு விடை பெரும்பாலும் ‘எங்கும்’ என்பதாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹான்ஸ் மேயரும் சார்லஸ் ஓவர்டனும் தனித்தனியே ஓர் ஒழுங்கைக் கண்டார்கள்: ஒரு பொருள் எந்த அளவு எண்ணெயில் கரைகிறதோ அந்த அளவுக்கு அது மயக்கமூட்டுகிறது. ஆகவே ஆல்கஹால் நரம்பணுவின் கொழுப்புச் சவ்வில் கரைந்து அதைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான் என்று கருதப்பட்டது. இது சரியானால் ஆல்கஹாலுக்கு முறிவு மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. 1984-இல் லண்டனில் பிராங்க்ஸும் லீபும், கொழுப்பே இல்லாத ஒரு புரதத்தையும் மயக்க மருந்துகள் அதே வரிசையில் முடக்குகின்றன என்று காட்டிய பிறகுதான் கவனம் புரதங்களின் பக்கம் தீர்மானமாகத் திரும்பியது.

அந்தப் புரதங்களில் முதன்மையானது காபா-ஏ ஏற்பி. மரக்காணத்துக்காரருக்கு இதை விளக்க வெளியே போகவே வேண்டாம். அவரது ஊர் உப்பளத்தின் பாத்தியில் காய்ந்து படியும் உப்பு, சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. அதே இரண்டும் கரைந்த நிலையில் மூளையின் ஒவ்வொரு நரம்பணுவைச் சுற்றியும் நிற்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்தால் நரம்பணு கிளர்ந்து செய்தி அனுப்புகிறது. குளோரைடு உள்ளே போனால் அடங்குகிறது. காபா-ஏ என்பது குளோரைடு நுழையும் மதகு. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை விட்டிருக்கின்றன. காபா என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டியதும் துளை திறக்கிறது. வாய்க்கால் மடையைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்தால் பாத்தியில் நீர் எப்படி ஏறுமோ, அப்படி ஆல்கஹால் இந்த மதகைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது என்பது கருதுகோள். தளர்ச்சி, பயம் போதல், கால் பின்னுதல், உறக்கம் எல்லாம் அதன் விளைவு. கிளர்ச்சியை ஏற்றும் குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியை ஆல்கஹால் அடக்குகிறது என்பதை 1989-இல் லவிஞ்சரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஒரு பக்கம் பிரேக்கை அழுத்துகிறது, மறுபக்கம் வேகத்தைக் குறைக்கிறது. நாள்தோறும் இது நடந்தால் மூளை எதிர்த் திசையில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பிறகு ஒரு காலை சாராயம் இல்லையென்றால் எதிர்விசை மட்டுமே மிஞ்சுகிறது. விடியலில் டீ கிளாசைப் பிடிக்க முடியாமல் நடுங்கும் கையின் பொருள் இதுதான்.

ஆர்.ஓ. 15-4513

1980-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஹாப்மன்-லா ரோஷ் நிறுவன வேதியியலாளர்கள், டயசபாம் வகை மருந்துகளை முறிக்கும் புளுமசெனில் என்ற சேர்மத்தின் அமைப்பைச் சற்றே மாற்றி ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் ஆய்வக எண் ஆர்.ஓ. 15-4513. 1986 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் சுஸ்டாக், பில் ஸ்கோல்னிக், ஸ்டீவன் பால் ஆகியோர் அடங்கிய குழு, அது எலிகளில் ஆல்கஹால் போதையை முறிக்கிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது. அப்போது வெளிவந்த ஒரு படம் இன்றுவரை பேசப்படுகிறது: இரண்டு எலிகளுக்கும் ஆல்கஹால் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒன்று உடல் சாய்ந்து கிடக்கிறது. இந்தச் சேர்மமும் கொடுக்கப்பட்ட மற்றொன்று தெளிந்து நிற்கிறது. போதைக்கு ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கிறது, அந்த இடத்தைப் பூட்டவும் முடியும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான காட்சி கிடையாது.

ஆனாலும் அது மருந்தாகவில்லை. காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கேள்வியின் மையமே இங்கேதான் இருக்கிறது. முதல் காரணம் உடலியல் சார்ந்தது. அது இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் குறைப்பதில்லை. தெளிவாக இருப்பதுபோல் உணர்கிறவனின் கல்லீரலும் இதயமும் அதே அளவு ஆல்கஹாலில்தான் ஊறுகின்றன. சாவுக்குரிய அளவு குடித்தவனை அது காப்பாற்றுவதும் இல்லை. சேர்மத்தின் வேலை சீக்கிரம் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு போதை திரும்பும். தெளிந்துவிட்டேன் என்று வண்டியை எடுத்தவன் பாதி வழியில் மீண்டும் போதைக்குள் விழுவான். இரண்டாவது, அது ஏற்பியின் வேலையை எதிர்த் திசையில் தள்ளும் சேர்மம், ஆகவே வலிப்பைத் தூண்டும் தன்மை அதற்கு உண்டு. குடியை நிறுத்தும் தறுவாயில் ஏற்கெனவே வலிப்பின் விளிம்பில் நிற்கும் மூளைக்கு இதைவிடக் கெட்ட துணை இல்லை. மூன்றாவது, பொறுப்பும் வழக்கும் பற்றிய அச்சம்: முறிவு மருந்து கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் மக்கள் கூடுதலாகக் குடித்தால் யார் பொறுப்பு?

அறிவியல் தளத்திலும் அது சண்டையைத் தீர்க்கவில்லை, வளர்த்தது. ஆல்கஹாலின் இருக்கையைத்தான் இது பறிக்கிறதா, அல்லது ஆல்கஹால் ஒரு திசையில் தள்ளும்போது இது வேறோர் இடத்தில் நின்று மறு திசையில் தள்ளி ஈடுகட்டுகிறதா? இரண்டுக்கும் எலி ஒரே மாதிரிதான் எழுந்து நிற்கும். கலிபோர்னியாவில் ரிச்சர்டு ஓல்சனின் குழு 2003-இலும் 2006-இலும், டெல்டா என்ற துண்டைக் கொண்ட காபா-ஏ ஏற்பிகள் மிகக் குறைந்த ஆல்கஹாலுக்கே அசைகின்றன, அந்த அசைவை ஆர்.ஓ. 15-4513 நேரடியாக முறிக்கிறது என்று எழுதியது. 2006-இலேயே போர்கீஸும் உடன் ஆய்வாளர்களும் அப்படி எந்தக் கூருணர்வும் தங்களுக்குத் தென்படவில்லை என்று மறுத்தார்கள். இது அளவைப் பற்றிய வெறும் நுணுக்கச் சண்டை அல்ல. நம் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். வேதியியல் கணக்கில் அது சுமார் ஆறரை மில்லிமோல். டயசபாம் போன்ற மருந்து இதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவிலேயே தன் இடத்தைப் பிடித்துவிடும். ஆல்கஹாலுக்கு அப்படிப் பிடிப்பு கிடையாது. அது பல புரதங்களைத் தளர்வாகத் தொட்டுப் போகும் பொருள். பல மதகுகளை ஒரே நேரத்தில் அசைக்கும் ஒன்றை ஒரு மதகில் மட்டும் பூட்டுப் போட்டு நிறுத்த முடியுமா என்ற ஐயத்துக்கு வலு அங்கிருந்துதான் வருகிறது. இன்று ஆர்.ஓ. 15-4513 சிகிச்சை மருந்தாக அல்லாமல், கதிரியக்கக் குறி ஏற்றப்பட்டு, மூளைப் படமெடுப்பில் சில காபா ஏற்பிகளின் பரவலைக் காட்டும் கருவியாகவே பயன்படுகிறது.

ஏற்பி தெரியாமலே வந்த மாத்திரைகள்

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம். நடைமுறையில் உள்ள மருந்துகளில் முதலாவதான டைசல்பிராம் எந்த ஏற்பி ஆராய்ச்சியிலும் பிறக்கவில்லை. 1940-களின் பிற்பகுதியில் கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஹால்டும் எரிக் யாகோப்சனும் குடற்புழுவுக்கு மருந்து தேடும்போது அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. கல்லீரலில் ஆல்கஹால் உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு மேற்கொண்டு உடையாமல் தேங்குவதே காரணம். அது ஆசையைத் தொடுவதில்லை. அச்சத்தை நிறுத்தி வைக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் போதும் என்று விற்கப்படும் ரகசியப் பொடிகளின் ஆபத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். டைசல்பிராம் உடம்பில் இருப்பதை அறியாமல் ஒருவர் முழுப் போதைக்குக் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். மனைவியின் கண்ணீரைக் காசாக்கும் அந்த வியாபாரத்துக்கு மருத்துவத்தில் எந்த நியாயமும் கிடையாது.

நால்ட்ரெக்சோன் உண்மையிலேயே ஏற்பி மருந்து. ஆல்கஹால் மூளையில் எண்டார்பின்களை வெளியேற்றுகிறது. அவை போய்ச் சேரும் ஓபியாய்டு ஏற்பியை நால்ட்ரெக்சோன் அடைக்கிறது. 1992-இல் பிலடெல்பியாவில் வோல்பிசெல்லி 70 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், 12 வாரத்தில் பழைய குடிக்குத் திரும்பியவர்கள் மருந்துக் குழுவில் 23 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 54 சதவீதம். 1994-இல் அமெரிக்கா அதைக் குடிநோய்க்கு அனுமதித்தது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஓபியாய்டு ஏற்பி மரபணுவில் ஆசிய மக்களிடம் கூடுதலாகக் காணப்படும் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு இது நன்றாக வேலை செய்யும் என்ற நம்பிக்கையும் எழுந்தது. முன்கூட்டியே பிரித்து நடத்திய சோதனை அதை உறுதிசெய்யவில்லை.

அகாம்ப்ரோசேட்டின் கதை இன்னும் ஆழமாக யோசிக்க வைக்கிறது. 1989 முதல் பிரான்சில் விற்பனையில் உள்ள மருந்து அது. என்எம்டிஏ ஏற்பியின் வழியாகக் குளூட்டமேட்டின் கொதிப்பைத் தணிக்கிறது என்று பாடநூல்கள் நெடுநாள் எழுதின. 2014-இல் ஸ்பனாகலும் உடன் ஆய்வாளர்களும், அந்த மாத்திரையில் வேலை செய்வது அகாம்ப்ரோசேட் மூலக்கூறே அல்ல, அதோடு ஒட்டியிருக்கும் கால்சியம்தான் என்று வாதிட்டார்கள்: கால்சியத்துக்குப் பதில் சோடியம் சேர்த்த அகாம்ப்ரோசேட் விலங்குகளில் பலிக்கவில்லை. இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பல ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பயன் கண்ட ஒரு மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதே வழக்கில் இருக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் வாதம் தானே எழுகிறது. ஏற்பி மிகத் தெளிவாகக் காட்டப்பட்ட ஆர்.ஓ. 15-4513 ஒரு நோயாளிக்கும் உதவவில்லை. ஏற்பியே தெரியாத அகாம்ப்ரோசேட் உதவுகிறது. மூளையில் இடம் காண்பதும் மனிதனுக்குப் பயன்படுவதும் ஒரே சாலையில் போகவில்லை. ஏனென்றால் போதையை அழிப்பதும் குடி ஆசையைத் தணிப்பதும் வெவ்வேறு இலக்குகள். எலி எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள் முதல் இலக்கை இரண்டாவது என்று எடுத்துக்கொண்டார்கள். குடிநோயாளி தெளிவில்லாமல் தவிப்பவர் அல்ல. தெளிந்த காலையில்தான் அவரது தவிப்பே தொடங்குகிறது.

பிரான்சில் 2000-களில் எழுந்த பேக்லோபென் அலையும் இதையே வேறு வகையில் காட்டுகிறது. இதயநோய் மருத்துவரான ஒலிவியே அமைசன் காபா-பி ஏற்பியில் செயல்படும் அந்தத் தசைத்தளர்ச்சி மருந்தை மிகுந்த அளவில் தானே உட்கொண்டு குடியிலிருந்து மீண்டதாக 2005-இல் எழுதினார். நோயாளிகளின் நெருக்குதலால் அது பரவியது, 2018-இல் அளவு வரம்போடு அங்கே அனுமதியும் கிடைத்தது. சோதனை முடிவுகள் மட்டும் இன்றுவரை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: பயன் இவ்வளவு சிறிது என்றால் மருந்து எதற்கு? 120-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் திரட்டி 2014-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒருவர் கூடுதலாகக் குடியின்றி நீடிக்க 12 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடுங்குடிக்குத் திரும்பாமல் ஒருவரைத் தடுக்க 12 பேருக்கு நால்ட்ரெக்சோன். அமெரிக்காவில் 1,383 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான கம்பைன் ஆய்வில் அகாம்ப்ரோசேட்டுக்குப் பயனே தென்படவில்லை. முன்பே குடியை நிறுத்தி உடம்பு தேறியவர்களைச் சேர்த்த ஐரோப்பிய ஆய்வுகளில்தான் அது நன்றாகத் தெரிந்தது. இந்த எண்களை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாள்பட்ட நோய்களுக்கு நாம் தயங்காமல் எழுதிக்கொடுக்கும் பல மாத்திரைகளின் பயனும் இந்த அளவில்தான் இருக்கிறது. பன்னிரண்டில் ஒரு வீட்டில் குழந்தைகள் மாலை ஆறு மணிக்குப் பயப்படாமல் இருப்பது சிறிய பயன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. குடியை ஏற்பியின் கோளாறாகச் சுருக்கினால் விற்கும் அரசும் பிழியும் உழைப்பும் கண்ணிலிருந்து மறைந்துவிடாதா என்பது. மறைந்துவிடும் ஆபத்து உண்டு. மருந்து நிறுவனங்களின் விளம்பர மொழி அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் மருந்து ஆய்வுகளின் முடிவுகளே அந்தச் சுருக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. மும்பையில் அவினாஷ் டி சௌசாவும் ஆலன் டி சௌசாவும் 100 ஆண்களிடம் ஓராண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், டைசல்பிராம் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் குடியின்றி இருந்தார்கள். நால்ட்ரெக்சோன் எடுத்தவர்களில் 44 சதவீதம். ஆசையைத் தொடும் ஏற்பி மருந்தை, ஆசையைத் தொடாத பழைய மருந்து முந்தியது. யார் எதை எடுக்கிறார் என்பது வெளிப்படையாகத் தெரிந்த ஆய்வு அது, ஆகவே எண்ணைக் கொஞ்சம் தள்ளியே வைக்க வேண்டும். கவனிக்க வேண்டியது சேர்க்கை நிபந்தனை: மாத்திரை கொடுத்துக் கண்காணிக்கக் குடும்பத்தில் ஒருவர் உடன் இருந்தார். அச்சமூட்டும் மருந்து வேலை செய்ய அந்த உறவு தேவைப்படுகிறது. மூலக்கூறு எவ்வளவு, உறவு எவ்வளவு என்று அந்த 86-ஐப் பிரிக்க முடியாது.

மாத்திரையே இல்லாத பக்கமும் உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடத்தி 2017-இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசிய குழுவில் முந்தைய 14 நாளும் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், அந்தப் பேச்சு கிடைக்காத குழுவில் 18 சதவீதம். அவர்கள் தீங்கான குடியில் இருந்தவர்கள், முற்றிய அடிமைநிலையில் இருந்தவர்கள் அல்லர் என்ற வேறுபாட்டை மறக்கக்கூடாது.

உப்பளத்து உடம்பு

பொதுவான சோதனைகள் சொல்லாத சிலவற்றை மரக்காணத்தின் உழைப்பு கேட்கிறது. உப்பு வாருகிறவர் நிழலே இல்லாத வெளியில், வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில், உப்புநீரில் கால் வைத்து நிற்கிறார். வாரிய உப்பைக் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டுகிறார். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் ஒன்பது பேர் வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் உழைப்பது தெரிந்தது. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. இதை நம் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அகாம்ப்ரோசேட் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது; சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டவருக்கு அதைக் கொடுக்கக்கூடாது. பேக்லோபெனும் பெரும்பகுதி அதே வழியில்தான் வெளியேறுகிறது. நால்ட்ரெக்சோனுக்கும் டைசல்பிராமுக்கும் கல்லீரலைப் பார்த்தாக வேண்டும். ஆக, உப்பளத் தொழிலாளிக்கு மாத்திரை எழுதும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை கட்டாயம். நகர மருத்துவமனையில் இது சாதாரணம். தினக்கூலிக்கு அது ஒரு நாள் கூலி.

வலியும் இருக்கிறது. உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறோம் என்று உழைப்பாளிகள் சொல்வதைச் சாக்கு என்று தள்ளுவது வழக்கம். எண்டார்பின் கணக்கில் பார்த்தால் அது சாக்கு அல்ல. ஆல்கஹால் வெளியேற்றும் அதே பொருள் வலியையும் மங்கச் செய்கிறது. நால்ட்ரெக்சோன் அந்த ஆறுதலை அடைக்கும், ஓபியாய்டு வகை வலி மருந்துகளையும் வேலை செய்யவிடாது. வலிக்கு வேறு வழி செய்யாமல் அந்த ஆறுதலை மட்டும் எடுத்துவிட்டால் ஒருவர் எத்தனை வாரம் மாத்திரையைத் தொடர்வார் என்பதை இங்கத்திய உழைப்பாளிகளிடமே ஆராய்ந்து பார்க்க வேண்டும்; பிலடெல்பியாவின் முடிவை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது.

இன்னும் தீராதவை

புதிய பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நீரிழிவுக்கும் உடல் எடைக்கும் கொடுக்கப்படும் செமாகுளுடைட், குடல் ஹார்மோன் ஒன்றின் ஏற்பியில் செயல்படுகிறது. 2025-இல் 48 பேரிடம் நடந்த ஒன்பது வாரச் சோதனையில் அது குடிக்கும் அளவையும் ஏக்கத்தையும் குறைத்தது, குடிக்கும் நாட்களின் எண்ணிக்கையைத் தெளிவாகக் குறைக்கவில்லை. 48 பேரை வைத்துக் கொண்டாட முடியாது, ஒதுக்கவும் முடியாது. ஆல்கஹாலுக்கு மூளையில் ஒரு முதன்மை இருக்கை உண்டா, டெல்டா துண்டின் கதை எவ்வளவு உண்மை, அகாம்ப்ரோசேட்டில் வேலை செய்வது எது, யாருக்கு எந்த மருந்து பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா ஆகிய கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. நாளை ஒரு நல்ல ஏற்பி மருந்து வரலாம்; அதன் அளவுகோல் எழுந்து நிற்கும் எலியாக இருக்கக்கூடாது என்பதை மட்டும் ஆர்.ஓ. 15-4513 கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆனால் கையில் உள்ளவற்றின் நிலை ஐயத்துக்கு இடமில்லாதது. எய்ம்ஸ் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். பன்னிரண்டில் ஒருவருக்குப் பயன்படும் மருந்து, முப்பத்தெட்டில் ஒருவரைத்தான் எட்டுகிறது. பெருக்கிப் பார்த்தால் நம் தோல்வியின் பெரும்பகுதி ஆய்வகத்தில் இல்லை என்பது விளங்கும். 2023 ஜூலையில், எக்கியார்குப்பத்துச் சாவுகள் நடந்து இரண்டு மாதம் கழித்து, உலக சுகாதார நிறுவனம் அகாம்ப்ரோசேட்டையும் நால்ட்ரெக்சோனையும் குடிநோய்க்கான அத்தியாவசிய மருந்துகளாகப் பட்டியலில் சேர்த்தது. மரக்காணம் கரையின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த இரண்டு மாத்திரைகளும், குடியை நிறுத்தும் முதல் வாரத்துக்கான வலிப்புத் தடுப்பு மருந்தும் தயாமின் ஊசியும், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையும், உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகரும் இருக்க வேண்டும். அரசு இதை அடுத்த மழைக்காலத்துக்குள், உப்பளத்தில் வேலை நின்று கை சும்மா இருக்கும் மாதங்களுக்கு முன்பே, செய்து முடிக்க வேண்டும்.